களத்தில் கழியும் நேரம்: மைசூரு இளம் கிரிக்கெட் வீரர்களும் ஆடும் பதினொருவரில் இடமும்

தொழில்முறை விளையாட்டில் ஓர் இளைஞரின் வளர்ச்சியை நிர்ணயிப்பவை இரண்டு: பயிற்சியில் செலவாகும் நேரம், ஆட்டத்தில் செலவாகும் நேரம். முதலாவது பெரும்பாலும் அவர் கையில் இருக்கிறது. இரண்டாவதோ தேர்வாளர், பயிற்சியாளர், அணித்தலைவர் ஆகியோரின் கையிலும், ஆட்ட அட்டவணை, மூத்த வீரரின் உடல்நிலை ஆகியவற்றின் போக்கிலும் இருக்கிறது. வலைப்பயிற்சியில் தவறாக விழுந்த பந்துக்கு விலை கிடையாது; அடுத்ததை உடனே வீசிவிடலாம். ஆட்டத்தில் அதே பந்து நான்கு ரன்னாகப் பலகையில் ஏறுகிறது, களத்தடுப்பு மாறுகிறது, அடுத்த ஓவர் வேறொருவருக்குப் போகிறது. இந்த நெருக்கடியைப் பலமுறை கடந்தவரே தேறுகிறார். திறமை இருந்தும் அது வாய்க்காமல், இருபது வயதிலிருந்து இருபத்தைந்து வரையிலான நல்ல ஆண்டுகளைப் பெஞ்சில் கழித்தவர்களின் பட்டியல் எல்லா நாட்டு விளையாட்டிலும் நீளமானது.

ஐரோப்பியக் கூடைப்பந்தில் இந்தக் கேள்வியை நிமிடக் கணக்கிலேயே பேசுகிறார்கள். ஓர் ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் பங்கிட 200 நிமிடங்கள்தான் உள்ளன. அதில் பதினெட்டு வயதுப் பையனுக்கு எத்தனை என்பதில்தான் வாக்குவாதம். ரிக்கி ரூபியோ 2005-ல் பதினான்கு வயதிலேயே ஸ்பெயின் முதல்நிலை லீக்கில் பதலோனா நகரின் ஹோவென்டுட் அணிக்கு இறங்கினார். லூகா டான்சிச் 2015-ல் பதினாறு வயதில் ரியல் மாட்ரிட் அணிக்கு ஆடினார். பத்தொன்பது வயதில் யூரோலீக்கின் சிறந்த வீரர் ஆனார். மறுபக்கம் டார்கோ மிலிசிச். செர்பியாவின் ஹெமோஃபார்ம் அணியிலிருந்து 2003-ல் என்.பி.ஏ. தேர்வில் இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்டு டெட்ராய்ட் போனவர். அந்த அணி 2004-ல் சாம்பியன் ஆனது. வென்றுகொண்டிருந்த அணியில் பதினெட்டு வயதுக்காரருக்கு நேரம் ஒதுக்க யாருக்கும் அவசரம் இல்லை. அவருடைய வளர்ச்சி அந்த ஆண்டுகளிலேயே தேங்கிவிட்டது. 2015-ல் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங்கும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல் திரும்பியவர்தான்.

கூடைப்பந்துக்கு ஒரு வசதி உண்டு. பயிற்சியாளர் விரும்பினால் இளைஞருக்கு ஆறு நிமிடம் கொடுத்துப் பார்க்கலாம். சரிப்படாவிட்டால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். கிரிக்கெட்டில் அப்படி முடியாது. ரஞ்சி ஆட்டத்துக்கான பதினொருவரில் பெயர் இருந்தால் நான்கு நாளும் இருக்கிறார். இல்லாவிட்டால் நான்கு நாளும் இல்லை. ஐ.பி.எல். 2023 முதல் இம்பாக்ட் வீரர் விதியைக் கொண்டுவந்து இதைச் சற்றுத் தளர்த்தியது; நீண்ட ஆட்டங்களில் அந்தத் தளர்வு கிடையாது. இன்னொரு சிக்கல், பதினொருவரில் இருப்பதே களவாய்ப்பு ஆகிவிடாது. எட்டாவதாக மட்டை பிடித்து, நாள் முழுக்க ஆறு ஓவர் மட்டும் வீசும் இளம் ஆல்ரவுண்டர் ஆட்டத்தில் இருந்தும் ஆடாதவர்தான். ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் இளைஞருக்கு வாய்ப்புக் கிடைத்ததா என்று முடிவு செய்வது ஆகவே பிழையாகும். எத்தனை ஓவர், எந்தப் பந்தோடு, எந்த இடத்தில் மட்டை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியை ஆராய மைசூரு பொருத்தமான ஊர். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது; ஒரே நாளில் சென்னை வென்றது. 1973-ல் மாநிலத்தின் பெயர் மாறும்வரை அணியின் பெயரும் மைசூருதான். ஆனால் பெயர் மைசூரு என்றாலும் அணியின் இருப்பிடம் பெங்களூராகவே இருந்தது. கிளப்புகள், லீக், தேர்வாளர்கள் எல்லாம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தள்ளி. மைசூரில் பிறந்தவரும் படித்தவரும் மேலே வர அந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டும். அவர்களில் மூவரின் வரலாறு இந்தக் கேள்வியின் மூன்று முகங்களைக் காட்டுகிறது.

பகவத் சந்திரசேகர் 1945-ல் மைசூரில் பிறந்தவர். சிறுவயதில் போலியோ தாக்கிய வலக்கையால்தான் பந்து வீசினார். 1963-64 பருவத்தில் மாநில அணிக்கு முதல் ஆட்டம். அதே பருவத்தில், 1964 ஜனவரியில், பதினெட்டு வயதில் இங்கிலாந்துக்கு எதிராக பம்பாயில் டெஸ்ட். காத்திருப்பே இல்லை. அவர் வீசியது வேகமான லெக்ஸ்பின். அதைப் போல வீசுபவர் நாட்டில் வேறு எவரும் இல்லை என்பதே காரணம். இளைஞருக்கு இடம் கிடைப்பதில் திறமையின் அளவைவிடத் திறமையின் வகை முக்கியம் என்பதற்கு அவர் நல்ல சான்று. 58 டெஸ்ட்டில் 242 விக்கெட் எடுத்தார்.

எரபள்ளி பிரசன்னா வேறு வகை. 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகள் பயணம். பிறகு 1967 வரை டெஸ்ட் அணியில் இல்லை. பொறியியல் படிப்பை முடிப்பதற்காக ஒதுங்கினார். மைசூரு தேசியப் பொறியியல் கல்லூரியின் மாணவர் அவர். இருபத்தோரு வயதிலிருந்து இருபத்தாறு வரை சர்வதேச ஆட்டம் இல்லாமலிருந்தவர், திரும்பி வந்து 20 டெஸ்ட்டில் 100 விக்கெட்டைத் தொட்டார். 2013-ல் அஸ்வின் 18 டெஸ்ட்டில் அதை முறியடிக்கும்வரை இந்தியர் எவரும் அவ்வளவு விரைவாகத் தொடவில்லை. இடைவெளி ஆளைக் கெடுக்காது என்று இதை வைத்துச் சொல்வோர் உண்டு. அது சுழற்பந்து வீச்சாளருக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும் வாதம். அவருடைய கைத்திறன் முப்பதுக்குப் பிறகும் முதிரும். வேகப்பந்து வீச்சாளரின் உடலோ அத்தனை காலம் பொறுத்திருக்காது. தவிர, பிரசன்னா தானாக விலகியவர். விலக்கி வைக்கப்பட்டவர் அல்லர். பின்னாளில் அவருக்கும் தமிழ்நாட்டின் வெங்கட்ராகவனுக்கும் இடையே ஆஃப்ஸ்பின்னருக்கான ஓரிடம் மாறி மாறிப் போனது. பிரசன்னா, வெங்கட், சந்திரசேகர், பேடி நால்வரும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1967-ல் பர்மிங்ஹாமில். பேடி இருந்த காலத்தில் இடக்கைச் சுழற்பந்து வீசிய ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஒரே வகைத் திறமை ஒரே காலத்தில் குவிந்தால் நேரும் இழப்பு இது. இதற்கு எந்தத் தேர்வுக் குழுவிடமும் முழுமையான தீர்வு இருந்திருக்க முடியாது.

மூன்றாமவர் ஜவகல் ஸ்ரீநாத். மைசூரில் வளர்ந்து, மரிமல்லப்பா பள்ளியிலும் ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். 1989-90 பருவத்தில் ஹைதராபாத்துக்கு எதிரான தன் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே ஹாட்ரிக் எடுத்தார். இரண்டே ஆண்டில், 1991 நவம்பரில், பிரிஸ்பேனில் டெஸ்ட் அறிமுகம். இதுவரை எல்லாம் வேகம். ஆனால் சொந்த மண்ணில் அவர் ஆடிய முதல் டெஸ்ட் 1994 நவம்பர் 18 அன்று மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தொடங்கியது. இடையில் மூன்றாண்டுகள் போய்விட்டன. வெளிநாட்டுப் பயணங்களில் ஆடியவர், அந்த இடைவெளியில் இந்தியாவில் நடந்த ஏழு டெஸ்ட்டிலும் பதினொருவரில் இல்லை: 1993-ல் இங்கிலாந்துக்கு எதிராக மூன்று, ஜிம்பாப்வேக்கு எதிராக ஒன்று, 1994 தொடக்கத்தில் இலங்கைக்கு எதிராக மூன்று.

காரணங்கள் வெளிப்படையானவை. அசாருதீன் தலைமையில் உள்நாட்டு ஆடுகளங்கள் சுழலுக்கு ஏற்றவையாக இருந்தன. கும்ப்ளே, வெங்கடபதி ராஜு, ராஜேஷ் சௌகான் மூவரும் சேர்ந்து எதிரணிகளைச் சுருட்டினார்கள். புதுப்பந்துக்குக் கபில் தேவும் மனோஜ் பிரபாகரும். இருவருமே மட்டையும் பிடிப்பார்கள். கபில் அப்போது ரிச்சர்ட் ஹாட்லியின் 431 விக்கெட் சாதனையை நெருங்கிக்கொண்டிருந்தார். 1994 பிப்ரவரியில் அகமதாபாத்தில் 432-ஐத் தொட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஏழு டெஸ்ட்டையும் இந்தியா வென்றது. வென்ற அணியை மாற்றச் சொல்லி யார் கேட்பார்கள்?

அப்படியானால் என்ன இழப்பு? 1994-ல் வாய்ப்பு வந்ததும் ஸ்ரீநாத் மும்பை டெஸ்ட்டில் விக்கெட்டுகளோடு, இரண்டாம் இன்னிங்ஸில் 60 ரன்னும் எடுத்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷைர் கவுன்டிக்கு ஆடி ஒரே பருவத்தில் 87 முதல்தர விக்கெட் வீழ்த்தினார். 1996 நவம்பரில் அகமதாபாத்தில் தென்னாப்பிரிக்கா 170 ரன் இலக்கைத் துரத்தியபோது 21 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து அவர்களை 105-ல் முடித்தார். மெதுவான உள்நாட்டு ஆடுகளத்தில் வேகப்பந்துக்கு வேலையில்லை என்ற நம்பிக்கை அன்று பொய்த்தது. அது 1993-லேயே பொய்த்திருக்கக்கூடும். பெஞ்சில் இருந்தபோது ஸ்ரீநாத்துக்கு வயது 23, 24: வேகப்பந்து வீச்சாளரின் உடல் உச்சத்தை நெருங்கும் வயது. பழைய பந்தை இந்திய மண்ணில் எப்படிப் பயன்படுத்துவது, வெயிலில் மூன்றாவது ஸ்பெல்லுக்கு எப்படி உடலை மீதம் வைப்பது என்பதையெல்லாம் அவர் 25-க்குப் பிறகே டெஸ்ட் களத்தில் கற்க நேர்ந்தது. 67 டெஸ்ட்டில் 236 விக்கெட் என்ற அவருடைய கணக்கை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் அந்தக் கணக்கில் எழுதப்படாத ஒரு பகுதி உண்டு. வெற்றி பெறும் அணிதான் இளைஞருக்கு மிகவும் கடினமான இடம் என்பதை மிலிசிச்சுக்குப் பத்தாண்டு முன்பே ஸ்ரீநாத்தின் காத்திருப்பு காட்டிவிட்டது.

இளைஞரை உடனே இறக்குவதெல்லாம் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. தமிழ்நாட்டின் லட்சுமணன் சிவராமகிருஷ்ணன் பதினாறு வயதில் ரஞ்சி ஆடினார். 1983-ல் பதினேழு வயதில் டெஸ்ட் ஆடினார். 1984-ல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தார். 1986-க்குப் பிறகு டெஸ்ட் அணியில் இல்லை. மொத்தம் ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட். இருபது வயதில் முடிந்துபோன டெஸ்ட் வாழ்க்கை. லெக்ஸ்பின் போன்ற கடினமான கலையைச் சர்வதேச மேடையிலேயே கற்று முடிக்கச் சொன்னது அவருக்குப் பெரிய பாரம். ஃபார்ம் போனபோது கீழே இறங்கி ஆண்டுக்கணக்கில் ஆடித் திரும்பும் நிதானமான பாதையை யாரும் அவருக்கு அமைத்துக் கொடுக்கவில்லை. ஸ்ரீநாத்துக்குக் குறைவாகக் கிடைத்தது. சிவராமகிருஷ்ணனுக்கு அளவுக்கு முந்திக் கிடைத்தது. இரண்டிலும் குறை ஒன்றே: வீரரின் பருவத்துக்கு ஏற்ற நிலையில், போதிய அளவு ஆட்டம் இல்லை.

மைசூருவிலேயே இதை நேரில் பார்க்க வாய்த்த ஆட்டம் ஒன்று உண்டு. 2010 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில், கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில், கர்நாடகத்துக்கும் மும்பைக்கும் ரஞ்சி இறுதி. முதல் இன்னிங்ஸில் 130-க்குச் சுருண்ட கர்நாடகத்துக்கு வெற்றி இலக்கு 338. இருபது வயது மணீஷ் பாண்டே 144 ரன் எடுத்தார். அணி 331-க்கு ஆட்டமிழந்து ஆறு ரன்னில் தோற்றது. அந்தப் பருவத்தில் பாண்டே எடுத்தவை 882 ரன், நாட்டிலேயே அதிகம். அதே பருவத்தில் அறிமுகமான வேகப்பந்து வீச்சாளர் அபிமன்யு மிதுன் 47 விக்கெட் எடுத்து, 2010 ஜூலையில் காலியில் டெஸ்ட் ஆடிவிட்டார். பதினேழு வயதுவரை தோல்பந்தையே தொடாதவர் அவர். நான்கு டெஸ்ட்டோடு அது முடிந்தது. ஒரு மாநில அணி துணிந்து இளைஞர்களை முழுப் பருவமும் ஆடவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த இறுதி ஆட்டம் சாட்சி. மாநில நிலையிலேயே இன்னும் இரண்டு பருவம் ஆடியிருந்தால் மிதுன் எப்படி வந்திருப்பார் என்ற கேள்வியும் அங்கிருந்தே எழுகிறது.

இன்று மைசூரு மண்டலத்துச் சிறுவன் ஏறவேண்டிய படிகள் பல. கர்நாடக மாநில கிரிக்கெட் சங்கம் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது: மைசூரு, மங்களூரு, ஷிவமொக்கா, துமகூரு, தார்வாட், ராய்ச்சூர் ஆகியவற்றோடு பெங்களூரு. மண்டல ஆட்டங்களில் கண்ணில் பட்டால் மாநிலத்தின் பதினாறு வயதுக்குட்பட்டோர் அணி, பிறகு பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான கூச் பிஹார் கோப்பை, பிறகு சி.கே. நாயுடு கோப்பை, கடைசியில் ரஞ்சி. எழுதிப் பார்க்கும்போது ஒழுங்கான ஏணி. நடைமுறையில் கூச் பிஹாருக்கும் ரஞ்சிக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. 2024 ஜனவரியில் ஷிவமொக்காவில் நடந்த கூச் பிஹார் இறுதியில் பிரகர் சதுர்வேதி மும்பைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 404 ரன் எடுத்தார். நானூறு ரன் அடித்தவருக்கும் மூத்தோர் அணியின் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. அங்கே வேறொரு வரிசை நிற்கிறது.

அந்த வரிசையின் நீளத்தை எளிய கணக்கால் அறியலாம். ரஞ்சியின் மேல்நிலைப் பிரிவில் ஒரு குழுவுக்கு எட்டு அணி. லீக் நிலையில் ஓர் அணிக்கு ஏழு ஆட்டம். ஆட்டத்துக்குப் பதினொருவர் என்றால் பருவத்துக்கு 77 இடம். நிலையாக ஆடும் மூத்தவர்கள் ஏழு பேர் என்று வைத்தால் மிச்சம் 28. அதை நான்கு இளைஞர்களுக்கு முழுமையாகக் கொடுக்கலாம். அல்லது பதினான்கு பேருக்கு இரண்டிரண்டாகப் பிரிக்கலாம். இரண்டாவது வழி நியாயமாகத் தோன்றும். ஆனால் இரண்டு ஆட்டத்தில் எவரும் எதையும் நிரூபிக்க முடியாது. முதல் ஆட்டம் பதற்றத்தில் போகும். இரண்டாவதில் ஒரு நல்ல பந்து வந்தாலே கதை முடிந்துவிடும். ஆகவே குறைவானவர்களுக்கு நீண்ட வாய்ப்பு, மற்றவர்களுக்குக் கீழ்நிலையில் நிறைய ஆட்டம் என்பதே பொறுப்பான ஏற்பாடு. இதைவிட மோசமானது மூன்றாவது வழி: பதினைந்து பேர் அணியில் சேர்த்துவிட்டு, ஆடாத இளைஞரைத் தண்ணீர் தூக்க வைத்து, அதே வாரத்தில் நடக்கும் சி.கே. நாயுடு ஆட்டத்துக்கும் அனுப்பாமல் வைத்திருப்பது.

இதில் கிளப் லீக்கின் பங்கு பெரிது. கர்நாடகத்தில் வலுவான டிவிஷன் லீக் பெங்களூரில் நடக்கிறது. வல்ச்சர்ஸ், ஸ்வஸ்திக் யூனியன் போன்ற பழைய கிளப்புகளில் இடம் பிடித்தால்தான் மைசூரு இளைஞருக்கு வாராவாரம் தரமான ஆட்டம். 2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலை பயண நேரத்தைக் குறைத்திருக்கிறது. பெங்களூரில் தங்கி, கல்லூரி மாறி, வேலை தேடிக்கொள்ளும் செலவைக் குறைக்கவில்லை. சென்னை லீக்கிலும் இதே மையப்படுத்தல் உண்டு. ஆனால் அங்கே நிறுவன அணிகள் முதல் டிவிஷன் வீரர்களுக்குச் சம்பளமோ வேலையோ கொடுத்து, வெளியூர்க்காரர் சென்னையில் தங்கி ஆட வழி செய்தன. ஒரு பருவத்தில் பல நாள்கள் இரண்டு நாள் ஆட்டமாகவே கழிவதால், ஒரு சுழற்பந்து வீச்சாளர் நீண்ட ஸ்பெல் வீசிப் பழக அது நல்ல பள்ளி.

டி20 லீக்குகள் வந்தபின் களவாய்ப்பின் வடிவமே மாறியது. 2009-ல் தொடங்கிய கர்நாடக பிரீமியர் லீக் நடுவே சில ஆண்டுகள் நின்று, 2014-ல் மீண்டு, 2019-ல் சூதாட்டப் புகார்களால் முடிந்தது. 2022-ல் அதன் இடத்தில் மகாராஜா டிராபி வந்தது. மாநிலச் சங்கத் தலைவராக இருந்து 2013-ல் மறைந்த ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையாரின் நினைவாகப் பெயர். கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானமும் இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது. போட்டியின் முதல் ஆட்டங்கள் அங்கேயே நடந்தன. 2025-ல் பெங்களூருக்குப் பதிலாகப் போட்டி மைசூருக்கு மாற்றப்பட்டது. 2024-ல் கருண் நாயர் தலைமையில் மைசூரு வாரியர்ஸ் சாம்பியன். ஆறு அணிகள் என்பதால் ஒரே நேரத்தில் மாநிலத்தின் 66 பேர் தொலைக்காட்சி வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். பதினொருவர் மட்டும் ஆடும் மாநில அணியோடு ஒப்பிட்டால் இது பெரிய விரிவு. நான்கு ஓவரில் முடியும் பந்துவீச்சு ரஞ்சிக்கு ஆளைத் தயார் செய்யாது என்ற குறை உண்மைதான். ஆனால் மண்டலத்து இளைஞரைத் தேர்வாளர் பார்க்கவே மாட்டார் என்ற பழைய நிலையைவிட இது எவ்வளவோ மேல்.

ஐ.பி.எல். தருவது வேறு வகை அனுபவம். ஓர் அணியில் 25 பேர் வரை இருக்கலாம். அவர்களில் அதிகபட்சம் எட்டுப் பேர் வெளிநாட்டவர். ஆட்டத்தில் வெளிநாட்டவர் நால்வரைக் கழித்தால் இந்தியருக்கு ஏழு இடம், இம்பாக்ட் வீரரோடு எட்டு. மீதிப் பேர் இரண்டு மாதம் வெளியே உட்காருகிறார்கள். கர்நாடகத்தின் கிருஷ்ணப்பா கௌதம் 2021 ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு 9.25 கோடி ரூபாய்க்குப் போனார். அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக் மூலம் வெளிப்பட்ட வருண் சக்கரவர்த்தி 8.4 கோடிக்குப் பஞ்சாப் போய் 2019-ல் ஆடியது ஒரே ஆட்டம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் ஹைதராபாத் அணியில் 2018, 2019 இரு பருவமும் ஆடாமல் இருந்து, 2020-ல் பதினாறு ஆட்டம் ஆடினார். அடுத்த சில மாதங்களில் ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். காத்திருந்தும் தேறலாம் என்பதற்கு அவரைக் காட்டுவார்கள். அவர் காத்திருந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலை உயர்ந்ததால் வாய்ப்பு உயரவில்லை. ஸ்பெயின் லீக்கில் உள்நாட்டில் பயிற்சி பெற்றோர் இத்தனை பேர் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதியின் கதையும் இதுவே: விதி பெயரைப் பட்டியலில் ஏற்றும், களத்தில் இறக்காது.

சொந்த மாநிலத்தில் இடமில்லாதவர் வெளியே போவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2018-19-ல் ஒன்பது புதிய அணிகள் சேர்ந்து உள்நாட்டு அணிகள் 37 ஆயின. ஓர் அணி வெளிமாநிலத்தவர் மூவரை ஒப்பந்தம் செய்யலாம். மைசூருக்காரரான இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஜகதீச சுசித், 2015-ல் கோப்பை வென்ற மும்பை இந்தியன்ஸில் இருபத்தோரு வயதில் ஆடியவர்; 2023-ல் நாகாலாந்து போனார். கருண் நாயரின் கதை ஊரறிந்தது. 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303. ரஹானே உடல்தேறி வந்ததால் அடுத்த டெஸ்ட்டிலேயே இடமில்லை. பின்னர் கர்நாடக அணியிலும் இடம் போய், 2023-ல் விதர்பா சென்றார். 2024-25 ரஞ்சியில் 863 ரன் எடுத்து அந்த அணி கோப்பை வெல்லக் காரணமானவர்களில் ஒருவராகி, 2025 ஜூனில் எட்டாண்டுக்குப் பின் டெஸ்ட் அணிக்குத் திரும்பினார். இந்த இடமாற்றங்கள் வீரருக்கு நல்லவை. ஆனால் ஒருவர் மாறினால் நிரந்தரமாக மாறுவதாகவே பெரும்பாலும் ஆகிவிடுகிறது. அவரை வளர்த்த மாநிலம் அவரை இழக்கிறது. போன இடத்தில் உள்ளூர் இளைஞர் ஒருவரின் இடமும் குறைகிறது.

ஐரோப்பியக் கூடைப்பந்து இதற்கு இரண்டு ஏற்பாடுகளைக் கண்டிருக்கிறது. ஒன்று, வீரரை ஒரு பருவத்துக்கு வேறு அணிக்குக் கடன் கொடுத்துத் திரும்பப் பெறுவது. இன்னொன்று ஜெர்மனியின் இரட்டை உரிமம்: முதல்நிலை அணியின் இளம் வீரர் அதே பருவத்தில் கீழ்நிலைக் கூட்டாளி அணிக்கும் ஆடலாம், மேலே பெஞ்சில் இருந்த வாரத்திலேயே கீழே முழு ஆட்டம் ஆடலாம். பெல்கிரேடின் மெகா போன்ற அணிகள் இளைஞர்களை ஆடவைப்பதையே தங்கள் தொழிலாகக் கொண்டவை. நிகோலா யோகிச் 2014-ல் என்.பி.ஏ. தேர்வில் 41-ஆவதாக எடுக்கப்பட்டும் உடனே போகாமல் இன்னொரு பருவம் மெகாவில் ஆடி, ஏட்ரியாடிக் லீக்கின் சிறந்த வீரராகி, பிறகே அமெரிக்கா போனார். இந்திய உள்நாட்டு கிரிக்கெட்டில் இப்படிப்பட்ட ஒரு பருவக் கடன் முறை இருந்தால், கர்நாடகத்தில் வரிசையில் நிற்கும் இருபத்திரண்டு வயது சுழற்பந்து வீச்சாளர் வேறு மாநிலத்துக்கு ஏழு ரஞ்சி ஆட்டம் ஆடிவிட்டு, 200 ஓவர் அனுபவத்தோடு வீடு திரும்ப முடியும். இதைச் சட்டமாக்குவதில் பெரிய தடை எதுவும் இல்லை; மாநிலச் சங்கங்கள் ஒன்றையொன்று நம்ப வேண்டியதுதான் பாக்கி.

கர்நாடகத்திலிருந்தே வந்த ஒரு முன்மாதிரியும் உண்டு. ராகுல் திராவிட் இந்திய ஏ அணிக்கும் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பயிற்சியாளராக இருந்தபோது, பயணத்துக்கு வந்த எவரும் ஆடாமல் திரும்பக் கூடாது என்பதைக் கொள்கையாக வைத்தார். ஒரு வீரர் ஒரே ஒரு இளையோர் உலகக் கோப்பைதான் ஆடலாம் என்ற கட்டுப்பாட்டையும் வாரியம் 2016-ல் கொண்டுவந்தது. இரண்டாம் முறை ஆடினால் கோப்பை வெல்லும் வாய்ப்பு கூடும். ஆனால் இன்னொரு பையனின் இடம் போகும். இளையோர் அணியின் வேலை கோப்பை சேர்ப்பதா, ஆள் சேர்ப்பதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இந்திய கிரிக்கெட்டில் வந்ததில்லை. மாநிலங்களின் வயதுப்பிரிவு அணிகள் இதை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. அங்கே கோப்பைக்கே மதிப்பு அதிகம்.

பெண்கள் கிரிக்கெட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மகளிர் பிரீமியர் லீக்கில் ஐந்து அணிகள். வழக்கமான நான்கு வெளிநாட்டவரைக் கழித்தால் நாடு முழுவதற்கும் ஓர் ஆட்டச் சுற்றில் 35 இடம். நீண்ட ஆட்டத்தின் நிலை அதைவிட மெலிந்தது. மைசூரைச் சேர்ந்த சுபா சதீஷ் 2023 டிசம்பரில் நவி மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட்டில் மூன்றாவதாக இறங்கி 69 ரன் எடுத்தார். இந்தியா 347 ரன் வித்தியாசத்தில் வென்றது. அப்போது இந்தியப் பெண்களுக்குப் பல நாள் உள்நாட்டுப் போட்டியே நடைபெற்றுக்கொண்டிருக்கவில்லை. 2018-க்குப் பின் நின்றுபோயிருந்த மண்டலங்களுக்கிடையிலான பல நாள் கோப்பை 2024 மார்ச்சில்தான் மூன்று நாள் ஆட்டங்களோடு மீண்டும் தொடங்கியது. அதிலும் ஆடியவை மண்டல அணிகள். தென்மண்டலத்தின் பதினொருவரில் கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம், ஹைதராபாத், கேரளம் எல்லாம் சேர்ந்து இடம் தேட வேண்டியிருந்தது. மாநில அளவில் பெண்களுக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஆட்டங்கள் வரும்வரை மைசூருவின் அடுத்த பெண் டெஸ்ட் வீராங்கனை சிவப்புப் பந்தைப் பெரும்பாலும் வலைப்பயிற்சியில்தான் சந்திப்பார்.